பதின்ம வயதில் திரைக்கு வந்த பிள்ளை நடிகராக நிலைப்பது எப்படி

குறும்படம் ஒன்றில் பள்ளிக்கூடப் பையனாகவோ கதாநாயகியின் தங்கையாகவோ நடித்து, ஊரில் நாலு பேர் முகத்தை அடையாளம் காணத் தொடங்கியதும் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்: "ரீச்சர், இனி என்ன செய்ய வேண்டும்?" முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். அப்பா கோவலன் கூத்துக்கு அண்ணாவியாராக, அதாவது கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசானாக, இருந்தவர். அந்தக் கேள்விக்கு வகுப்பில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அவர்களின் தாய் தகப்பனுக்கும் இது.

பதினைந்து வயதில் கிடைக்கும் வேடம் உங்கள் வயதுக்குக் கிடைத்த வேடம். காத்தவராயன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். சிறு பருவக் காத்தானாக ஒரு பிள்ளை வருவான். வளர்ந்த காத்தானாக வேறொருவர் வருவார். வேடம் களரியிலேயே (கூத்து மேடையிலேயே) நிற்கும், ஆள் மாறுவார். கோவலன் கூத்தில் முன்பு கண்ணகிக்கும் மாதவிக்கும் இளம் பையன்களே ஆடினார்கள். ஒருவனுக்குக் குரல் உடைந்து மீசை அரும்பியதும் அப்பா அவனை வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார். மத்தளத்துக்குப் பக்கத்தில் பிற்பாட்டுக்கு நிறுத்துவார். மற்றவர்களின் பாட்டையும் ஆட்டத்தையும் மனனம் செய்ய வைப்பார். முகம் முற்றிய பிறகு அவனை இன்னொரு வேடத்துக்கு அழைத்துவருவார். சினிமாவில் உங்களுக்கு அப்படி ஓர் அண்ணாவியார் கிடைக்க மாட்டார். பதினாறுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில் உங்களைக் காத்துவைத்து அடுத்த வேடத்துக்கு ஆயத்தம் செய்யும் வேலை உங்களுடையது, உங்கள் வீட்டாருடையது.

அந்த இடைக்காலத்தைக் கடந்தவர்களைப் பாருங்கள். கமல்ஹாசன் 1960 இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தையாக நடித்தார். நாயகனாக நிலைபெறத் தொடங்கியது 1975 இல் 'அபூர்வ ராகங்கள்' வந்தபோது. நடுவில் அவர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்றார். பதின்ம வயதில் நடன இயக்குநர் தங்கப்பனிடம் உதவியாளராக இருந்தார். முகம் காட்ட வேடமில்லாத வருடங்களில் காலும் கையும் குரலும் கற்றன. ஜோடி ஃபாஸ்டர் 1976 இல் 'டாக்சி டிரைவர்' வெளிவந்தபோது பதின்மூன்று வயதுப் பிள்ளை. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் படித்து 1985 இல் பட்டம் பெற்றார். 1988 இல் வந்த 'தி அக்யூஸ்டு' படத்துக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. படிக்கப் போனால் சினிமா கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படும் பெற்றோர் இதைக் கவனியுங்கள்.

'பசங்க' படத்தில் 2009 இல் சிறுவர்களாக வந்தவர்களில் நால்வர் 2014 இல் 'கோலி சோடா'வில் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கும் விடலைப் பையன்களாக வந்தார்கள். குழந்தையும் இல்லை, ஆளும் இல்லை என்ற அந்த வயதுக்கென்றே ஒருவர் கதை எழுதியதால் அது நடந்தது. அப்படி எழுதுவோர் குறைவு. ஆகவே உங்கள் வயதுக் கதையை நீங்களே எழுதுங்கள். நெல் அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரம் ஓட்டப் போய்ப் பள்ளிக்கூடத்தைத் தவறவிடும் பதினேழு வயதுப் பையன், வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்து உயர்தரத்தில் எந்தப் பாடம் எடுப்பதென்று முடிவு செய்ய முடியாமல் இருக்கும் பிள்ளை. இவர்களை வெளியிலிருந்து வருபவர் எழுத மாட்டார். கைபேசி கையிலிருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள். எடுத்துப் பாருங்கள்.

காகிதமும் காசும்

இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வியும் 16 வயது வரை. ஆகவே பாடசாலை நாளில் பிள்ளையை விடச் சொல்லி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். படம் எடுப்பதென்றால் விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் மட்டும் எடுக்கட்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் அதுவும் வேண்டாம்.

இந்தியாவில் 2017 இல் வந்த விதிகளின்படி குழந்தை நடிகர் ஒரு நாளில் 5 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. 3 மணித்தியாலத்துக்கு மேல் ஓய்வின்றித் தொடரக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் நிலையான வைப்பில் இடப்பட வேண்டும். அது அந்த நாட்டு விதி, அதிலும் 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கானது. ஆனாலும் எங்கள் பிள்ளைக்கு நாங்கள் கேட்க வேண்டியது என்ன என்பதற்கு அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. சார்லி சாப்ளினுடன் 1921 இல் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்து ஆளானபோது, தான் உழைத்த பணத்தில் பெரும்பகுதியைத் தாயும் அவருடைய இரண்டாவது கணவரும் செலவழித்துவிட்டதை அறிந்து வழக்குத் தொடர்ந்தார். அதன் விளைவாக 1939 இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. இன்று அங்கே பிள்ளையின் வருமானத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கியாக வேண்டும். கஷ்டப்படும் வீட்டில் பிள்ளை கொண்டுவரும் காசு அடுப்புக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பங்காவது பிள்ளையின் பெயரில் வங்கியில் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை படிக்கப் போகவோ, வேடமில்லாத ஒரு வருடத்தைத் தாங்கவோ அந்தக் காசுதான் துணை.

குறும்படங்களில் பெரும்பாலும் சம்பளம் இராது. அதனால் எதையும் கேட்கக் கூடாது என்பதில்லை. எத்தனை நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், சாப்பாடு, போக்குவரத்து, காட்சிகளில் என்ன இருக்கும், டப்பிங்குக்குத் திரும்ப வர வேண்டுமா, படத்தில் பெயர் போடுவார்களா, முடிந்த படத்தின் பிரதி எப்போது கிடைக்கும். இவற்றை ஒரே தாளில் தமிழில் எழுதி இரு தரப்பும் கையெழுத்து வையுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் வைக்க வேண்டும். பிரதியைப் பற்றிய வரியை மறவாதீர்கள். நல்ல வேடம் செய்துவிட்டு, அதைக் காட்ட ஒரு துண்டுக் காட்சிகூடக் கையில் இல்லாமல் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போனால் மாலையில் பரந்தன் வழியாகத் திரும்பும் கடைசி பஸ் பெரிய விஷயம். "கொஞ்சம் இருங்கள், இன்னும் ஒரு ஷாட்" என்று இழுத்தால் இரவு எங்கே தங்குவது? முதலே கேளுங்கள். பெண் பிள்ளையுடன் ஒரு பெரிய பெண் போக வேண்டும்: தாய், பெரியம்மா, அக்கா, யாராவது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் தாய் ஒருத்திதான் உழைப்பாளி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவள் கூடப் போவது இலகுவான காரியம் அல்ல. அப்படியானால் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள். கூட வருபவரின் சாப்பாட்டையும் பஸ் காசையும் படக்குழுவிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கூட ஆள் வரக் கூடாது என்று சொல்பவரின் படம் வேண்டவே வேண்டாம். நடிகர் தேர்வு என்று விடுதி அறைக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான்.

அழச் சொன்னால்

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

வன்னிப் பிள்ளை என்றால் அழுகிற வேடம் என்று முடிவு செய்துகொண்டே பலர் வருகிறார்கள். தகப்பனை இழந்த பிள்ளை, காணாமல் போன அண்ணனைத் தேடும் தங்கை, கால் இழந்தவரின் மகன். இந்தக் கதைகள் சொல்லப்பட வேண்டியவை, நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று பதினைந்து வயதில் இருக்கும் பிள்ளை 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு பிறந்தது. போரை அது கண்டதில்லை. வீட்டுச் சுவரில் மாலை போட்ட படங்களாகவும், சில நாட்களில் அம்மா சாப்பிடாமல் இருப்பதாகவும்தான் அதற்குப் போர் தெரியும். அந்தப் பிள்ளையை கேமராவுக்கு முன் நிறுத்தி, "உன் மாமாவை நினை, உன் அம்மா பட்டதை நினை, அழு" என்று சொல்வது நடிப்புப் பயிற்சி ஆகாது. பிள்ளை அழும், படமும் கிடைக்கும். வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆகிறது என்று படம் எடுத்தவருக்குத் தெரியாது. நாங்கள் பார்க்கிறோம். மேலும், சொந்தத் துயரத்தைப் பிழிந்து எடுத்த அழுகை ஒரு தடவை வரும். நான்காம் டேக்கில் வராது. தொழிலாக நடிப்பவருக்கு நான்காம் டேக்கிலும் வர வேண்டும்.

வேறு வழிகள் உண்டு. மூச்சில் தொடங்குங்கள். மூச்சை ஒரே இழுப்பாக இழுக்காமல் மூன்று நான்கு சிறு துண்டுகளாக உள்ளே எடுங்கள். பிறகு விடாமல் சிறிது நேரம் வைத்திருந்து, பேச வேண்டிய வசனத்தை மிச்ச மூச்சில் பேசுங்கள். தொண்டை இறுகும், குரல் தானாக உடையும். கண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் பார்ப்பவருக்கு அது அழுகைதான். அடுத்தது, கைக்கு வேலை கொடுங்கள். சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது செய்தி வருகிறது என்று வையுங்கள். கை நிற்க வேண்டாம். கல்லுக்குப் பதிலாக நல்ல அரிசியைப் பொறுக்கி எறியத் தொடங்கட்டும். தலையில் அடித்துக் கதறுவதை விட அது ஆழமாகப் போகும். எந்த வசனத்தில் கை தடுமாறியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து எடுத்த காட்சியையே பிறகு நெருக்கத்திலும் எடுப்பார்கள். கை வேறு இடத்தில் தடுமாறினால் இரண்டையும் ஒட்ட முடியாது. பெரும்பாலும் தூரக் காட்சி முதலிலும் முகத்தின் குளோசப் பிறகும் வரும். உதவி இயக்குநரிடம் ஒழுங்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முழுப் பலத்தையும் முதல் டேக்கிலேயே செலவழிக்காமல் வைத்திருங்கள்.

சொந்த இழப்பை நினைக்கச் சொன்னால் என்ன பதில் சொல்வது? "அண்ணா, நான் வேறு விதமாகச் செய்து காட்டுகிறேன், பாருங்கள்." இவ்வளவு போதும். இதை வகுப்பில் உரத்துச் சொல்லிப் பழக்குகிறேன், ஏனென்றால் படப்பிடிப்பில் இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பிள்ளைக்கு வாய் வராது. காட்சி முடிந்ததும் முகம் கழுவி, வேடத்தின் உடுப்பைக் கழற்றி, கூட வந்தவருடன் இருந்து ஏதாவது சாப்பிடுங்கள். அந்தக் காட்சியைப் பற்றி அப்போது பேச வேண்டாம்.

இப்படிப்பட்ட வேடங்கள் தொடர்ந்து வந்தால் ஒரு கட்டத்தில் மறுக்கவும் வேண்டும். இருபது வயதில் உங்களைத் தேடுகிற இயக்குநர் பழைய படங்களைப் பார்ப்பார். எல்லாவற்றிலும் அழுதுகொண்டிருந்தால், உங்களுக்குச் சிரிக்கவும், சண்டை பிடிக்கவும், பொய் சொல்லவும் தெரியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உடம்பும் குரலும்

கூத்து ஆடியவர்களுக்கும் தமிழ்மொழித்தினப் போட்டிகளில் நாடகம் போட்டவர்களுக்கும் கேமரா முன் ஒரு சிரமம் இருக்கும். வட்டக்களரியில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய குரல், நாலு பக்கமும் தெரிய ஆடிய உடம்பு, இரண்டும் குளோசப்பில் பெரிதாகத் தெரியும். கூத்தை விட்டுவிட வேண்டியதில்லை. தாளம், மனனம், விடியும்வரை தளராத உடம்பு ஆகியவற்றை வேறெங்கே பெறப் போகிறீர்கள்? அளவை மட்டும் மாற்றப் பழகுங்கள். கைபேசியைப் புத்தகங்களின் மேல் கண் உயரத்துக்கு வைத்து, யன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி இருந்து, ஒரே பாயில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலில் ஒரு வசனத்தைச் சொல்லுங்கள். அதையே மறைப்பது போல, கேலியாக, களைத்துப்போனவர் போலச் சொல்லுங்கள். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே முகமாகத் தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. கண் அடிக்கடி சிமிட்டுவதும், தேவையில்லாமல் புருவம் ஏறுவதும் அப்போது தெரியும். நிலத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதைக் குனிந்து பார்க்காமல் நடந்து வந்து அதன்மேல் நிற்கவும் பழகுங்கள். படப்பிடிப்பில் குறித்த இடத்தில் நிற்காவிட்டால் முகம் தெளிவில்லாமல் போகும், டேக் வீணாகும்.

ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும் காலத்தில் உச்சத்தில் பாட வேண்டாம். தொண்டையை வருத்தினால் பிறகு வரும் குரல் கரகரத்துவிடக்கூடும்.

மொழியில் பிடிவாதமாக இருக்கிறேன். உங்கள் ஊர்ப் பேச்சை விடாதீர்கள். கான் விழாவில் 2015 இல் தங்கப் பனை (பாம் டோர்) விருது பெற்ற 'தீபன்' படத்தின் முதன்மை வேடத்தில் நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்தவர். எங்கள் பேச்சுடன் ஒருவர் உலகத் திரைக்குப் போக முடியும் என்பதற்கும், பதின்ம வயதில் கதவு திறக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதில்லை என்பதற்கும் அவரே சான்று. அதோடு சென்னைப் பேச்சையும் மலையகப் பேச்சையும் வேடம் கட்டுவது போலப் பழகிக்கொள்ளுங்கள். சிங்களம் கட்டாயம். இந்த நாட்டில் திரைப்படமும் தொலைக்காட்சி நாடகமும் அதிகம் நடப்பது அந்த மொழியில்தான். தமிழரான தர்ஷன் தர்மராஜ் சிங்களத் திரையில் பெயர் பெற்ற நடிகர். 2012 இல் 'இனி அவன்' என்ற தமிழ்ப் படத்தில் முதன்மை வேடம் ஏற்றார். 2022 இல் இளவயதிலேயே காலமானார். இரண்டு மொழியிலும் நின்ற அந்த மனிதரின் நடிப்பைத் தேடிப் பாருங்கள்.

உங்களைப் பற்றிய விவரத்தாளில் உயரம், வயது எழுதுவதோடு நிறுத்தாமல் உங்கள் கைக்குத் தெரிந்த வேலைகளையும் எழுதுங்கள். நந்திக்கடலில் வீச்சுவலை எறியத் தெரியுமா? கச்சான் பிடுங்க, மாடு சாய்க்க, உழவு இயந்திரம் ஓட்ட, மத்தளம் அடிக்கத் தெரியுமா? ஒவ்வொன்றையும் அரை நிமிடம் படம் பிடித்து வைத்திருங்கள். நகரத்து நடிகருக்கு ஒரு மாதம் பழக்கினாலும் வலை எறியும்போது தோள் அப்படித் திரும்பாது. புகைப்படம் ஒப்பனையின்றி முன்பக்கம், பக்கவாட்டு, முழு உடம்பு என்று மூன்று போதும். ஸ்டூடியோவில் முகத்தை வெளுப்பாக்கி எடுத்த படத்தை அனுப்ப வேண்டாம்.

பதினெட்டுக்குப் பிறகு

பதினெட்டு முடிந்தும் முகம் சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் கவலைப்படாதீர்கள். பாடசாலை வேடங்களுக்குப் பதினெட்டு கடந்த சின்ன முகங்களையே பலர் தேடுகிறார்கள். பள்ளிக்கூட நேரமும் பெற்றோர் கையெழுத்தும் அங்கே தடையில்லை. இரண்டு மூன்று வருடங்களுக்கு அந்த வாய்ப்பைப் பயன்படுத்தலாம். பிறகு சீருடை வேடத்தை நீங்களாக விட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப் படமும் புதுக் காணொளியும் எடுத்து, முன்பு உங்களை வைத்து எடுத்தவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களின் நினைவில் நீங்கள் இன்னமும் பதினைந்து வயதில்தான் இருக்கிறீர்கள்.

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்தவர்களுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பட்டப்படிப்பு இருக்கிறது. வேடம் வராத காலத்துக்கு அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் 2015 இல் தொடங்கிய சர்வதேச சினிமா விழா நடக்கும் நாட்களில் போய் இருந்து படங்களைப் பாருங்கள். இயக்குநர்களிடம் வேடம் கேட்பதற்கு முன் அவர்களுடைய படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். உதவி இயக்குநராக, காட்சிகளின் தொடர்ச்சியைக் குறித்துவைப்பவராக, டப்பிங் குரலாக வேலை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குப் பின்னால் நின்ற மாதங்களில் நடிகர் எங்கே நேரத்தை வீணாக்குகிறார் என்று கண்ணால் காண்பீர்கள்.

சென்னை ஆசை எல்லோருக்கும் உண்டு. பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது என்பதற்காகச் சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு நடிக்க முடியாது. அதற்கான விசாவுக்கு அங்கேயுள்ள தயாரிப்பு நிறுவனம் கடிதம் தர வேண்டும். ஆகவே முதல் தேர்வை இங்கிருந்தே காணொளியாக அனுப்புங்கள். உண்மையாகத் தேடுபவர்கள் அதை ஏற்பார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், விசாச் செலவு என்று எந்தப் பெயரிலாவது உங்களிடம் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் காட்டுங்கள். அதே ஆள் பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கும் எழுதியிருப்பார்.